திருச்சபைப் பேரவையில் தீத்துவின் இருக்கை

திருச்சபையின் பேரவைகள் தீர்மானங்களை நிறைவேற்றுகின்றன. விதிகள் திருத்தப்படுகின்றன, வாக்குகள் எண்ணப்படுகின்றன, முடிவுகள் சபைகளுக்கு அனுப்பப்படுகின்றன. ஆயினும், எந்த மக்களைக் குறித்துத் தீர்மானம் நிறைவேறுகிறதோ, அம்மக்கள் அந்த அவையில் எங்கே அமர்ந்திருந்தார்கள் என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். அவர்கள் வாக்களித்தார்களா? பேசினார்களா? அல்லது வெளியே நின்று செய்திக்காகக் காத்திருந்தார்களா? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையினுடைய பொதுப் பேரவையின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முற்போக்கு எண்ணம் கொண்டோர் அப்பேரவையில் எவ்வாறு வாதாடினர், விலக்கப்பட்டோர் எவ்வாறு உட்சேர்க்கப்பட்டனர், அதற்குத் திருச்சபை கொடுத்த விலை யாது என்பன கற்றறிய வேண்டியவை.

1. எருசலேமில் தீத்து

பேரவை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரமாகும். புறவினத்தார் விருத்தசேதனம் பெற வேண்டுமா என்பது அங்கு எழுந்த பிரச்சினை. மிகுந்த தர்க்கம் உண்டாயிற்று. பேதுரு தாம் கண்டதைச் சாட்சியாகக் கூறினார். பவுலும் பர்னபாவும் புறவினத்தாரிடையே தேவன் செய்தவற்றை விவரிக்கையில் கூட்டத்தார் யாவரும் அமைதியாகச் செவிகொடுத்தனர். யாக்கோபு வேதவாக்கியத்தை அச்சாட்சியோடு இணைத்துக் காட்டித் தீர்ப்பு உரைத்தார். தர்க்கம், சாட்சி, அமைதி, வேதவாக்கியம், தீர்ப்பு என்னும் இவ்வொழுங்கு திருச்சபைப் பேரவைகள் அனைத்திற்கும் முன்மாதிரியாக நெடுங்காலமாகப் போற்றப்பட்டு வருகிறது.

ஆனால் லூக்கா கூறாத செய்தி ஒன்றைப் பவுல் கூறுகிறார். எருசலேமுக்குப் போனபோது தீத்துவையும் உடன் அழைத்துச் சென்றதாகக் கலாத்தியர் 2:1-3-ல் எழுதுகிறார். தீத்து கிரேக்கன், விருத்தசேதனம் பெறாதவன். கலாத்தியர் குறிப்பிடும் பயணமும் லூக்கா விவரிக்கும் சங்கமும் ஒன்றா என்பதில் வேத அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், எருசலேமின் தலைவர்கள் புறவினத்தாரைப்பற்றி ஆலோசித்த காலத்தில் புறவினத்தான் ஒருவன் அவர்கள் கண்முன் இருந்தான் என்பது பவுலின் சாட்சியாகும். அவன் உரையாற்றியதாகப் பவுல் கூறவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளிலோ இந்தத் தீத்துவின் பெயரே இல்லை. எனினும் அவன் அங்கே இருந்தமையால், பொதுவான கொள்கையாக இருந்த பிரச்சினை ஒரு மனிதனின் முகத்தைப் பெற்றது. கொள்கையை மறுப்பது எளிது. முன்னே நிற்கும் விசுவாசியை மறுப்பது எளிதன்று. ஒரு பேரவையின் உண்மைத்தன்மையை அளக்க இது நல்ல அளவுகோல்.

2. பொதுப் பேரவை இயங்கும் முறை

அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியரின் பொதுப் பேரவை முதன்முதலாக 1789-ல் பிலடெல்பியாவில் கூடியது. இப்போதுள்ள திருச்சபை, வடபகுதியில் வேரூன்றிய ஐக்கிய பிரஸ்பிட்டேரியன் திருச்சபையும் தென்பகுதித் திருச்சபையும் 1983-ல் அட்லாண்டாவில் மீண்டும் இணைந்ததால் உண்டானது. முன்பு ஆண்டுதோறும் கூடிய பேரவை, 2004-க்குப்பின் ஈராண்டுக்கு ஒருமுறை கூடுகிறது.

இத்திருச்சபையில் பேராயர்கள் இல்லை. ஆயர்களும் மூப்பர்களும் சமநிலையில் அமர்ந்து ஆளுகின்றனர். சில பல சபைகளை உள்ளடக்கிய வட்டார மன்றத்திற்குப் பிரஸ்பிட்டரி என்று பெயர். ஒவ்வொரு பிரஸ்பிட்டரியும் ஆயர்களையும் மூப்பர்களையும் சம எண்ணிக்கையில் பேரவைக்கு அனுப்புகிறது. இவர்கள் தம்மை அனுப்பியவர்களின் கட்டளைக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். விவாதத்தைக் கேட்டு, ஜெபித்து, ஆவியானவரின் நடத்துதலின்படி தம் மனச்சாட்சிக்கேற்ப வாக்களிப்பதே இவர்கள் கடமை. எனவே பேரவையில் கேட்கப்படும் சாட்சிக்கு உண்மையான மதிப்பு உண்டு. கேட்டவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ள உரிமையுடையவர்.

ஒரு பொருளைப் பேரவைக்குக் கொண்டுவர விரும்பும் பிரஸ்பிட்டரி, ஓவர்ச்சர் எனப்படும் முன்மொழிவை அனுப்புகிறது. அது முதலில் ஒரு குழுவின் ஆய்வுக்குச் செல்கிறது. குழுவின் முன் பேராளர் அல்லாதாரும் பெயர் பதிவு செய்து, குறிப்பிட்ட சில நிமிடங்கள் பேசலாம். குழுவின் பரிந்துரை பின்பு முழுப் பேரவையின் விவாதத்திற்கு வருகிறது. ஒழுங்கு நூலைத் திருத்துவதாயின் பேரவையின் வாக்கு மட்டும் போதாது. பிரஸ்பிட்டரிகளில் பெரும்பான்மையானவையும் அதனை ஏற்க வேண்டும். விசுவாச அறிக்கைகளின் நூலைத் திருத்த அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்பதோடு, அடுத்த பேரவையும் உறுதிசெய்ய வேண்டும்.

இறையியல் மாணவர் கவனிக்கத்தக்க ஓர் ஏற்பாடும் உண்டு. இளைஞரும் இறையியல் மாணவரும் ஆலோசனைப் பேராளராகப் பேரவையில் அமர்கின்றனர். முழுப் பேரவையில் அவர்கள் வாக்குகள் எண்ணிக்கையில் சேரா. எனினும் பேராளர்கள் வாக்களிக்குமுன் அவர்கள் கருத்து வாக்காகக் கேட்கப்பட்டு அவையோருக்கு அறிவிக்கப்படுகிறது. நாளைய திருச்சபை இன்றைய திருச்சபைக்கு முன் பேசுகிறது எனலாம். தீர்மானிக்கும் உரிமை இல்லாவிடினும் கேட்கப்படும் உரிமை உண்டு என்னும் இந்த நிலை, தீத்துவின் இருக்கைக்கு மிக நெருங்கியதாகும்.

3. 1818 கற்பிக்கும் பாடம்

நல்ல தீர்மானம் நிறைவேறுவதும் நீதி நிறைவேறுவதும் ஒன்றல்ல. இதனை 1818-ஆம் ஆண்டுப் பேரவை தெளிவாகக் காட்டுகிறது. அவ்வாண்டு பேரவை அடிமைமுறையை மிகக் கடுமையான சொற்களால் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. ஒரு மனிதன் மற்றொருவனை அடிமையாக்குவது மனித இயல்பின் உரிமைகளை மீறுவது என்றும், தேவனுடைய பிரமாணத்திற்கு முரணானது என்றும் அது கூறிற்று. அறிக்கை ஒருமனதாக நிறைவேறியது.

அதே பேரவை, வெர்ஜீனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் போர்ன் என்னும் ஆயரைப் பதவி நீக்கிய தீர்ப்பையும் உறுதிப்படுத்தியது. அடிமைகளை உடைமையாக வைத்திருப்போரைக் கிறிஸ்தவர் என்று கொள்ளலாமா என்று 1815-ஆம் ஆண்டுப் பேரவையிலேயே வினா எழுப்பியவர் அவர். வேதமும் அடிமைமுறையும் இணங்கமாட்டா என்று நூல் எழுதியவரும் அவரே. தீமையைப் பொதுவாகக் கண்டித்த அவை, அத்தீமையைச் செய்வோரைச் சுட்டிக்காட்டியவரைத் தாங்கிக்கொள்ளவில்லை. அடிமைப்பட்டோரோ அவையில் இடமற்றவர்களாயிருந்தனர். அவர்களைப்பற்றி உயர்ந்த மொழியில் பேசப்பட்டது, அவர்களோடு பேசப்படவில்லை. அந்த அறிக்கை அடிமைச் சங்கிலி ஒன்றையும் தறிக்கவில்லை. 1861-ல் உள்நாட்டுப் போரின்போது தென்பகுதியினர் பிரிந்து சென்று தனித் திருச்சபை அமைத்தனர். அப்பிளவு ஆற 122 ஆண்டுகள் ஆயின.

4. பெண்களும் கலந்தாலோசனையும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடபகுதித் திருச்சபைப் பெண்கள் தாமே நிதி திரட்டி, தாமே நிர்வகித்து, அருட்பணிச் சங்கங்களை நடத்திவந்தனர். 1920-களின் தொடக்கத்தில் திருச்சபை தன் நிர்வாகத்தைச் சீரமைத்தபோது, பெண்களின் சங்கங்கள் அவர்கள் இசைவைப் பெறாமலேயே பொது வாரியங்களோடு இணைக்கப்பட்டன. மனக்கசப்பு பரவியது. அதன் காரணங்களை ஆராய்ந்து காதரின் பென்னட், மார்கரெட் ஹாட்ஜ் என்னும் இருவர் 1927-ல் அறிக்கை அளித்தனர்.

அதன் விளைவாக மூன்று முன்மொழிவுகள் பிரஸ்பிட்டரிகளுக்கு அனுப்பப்பட்டன. பெண்களுக்கு முழுச் சமத்துவம் அளிப்பது ஒன்று. மூப்பர் பணியை மட்டும் திறந்துவிடுவது மற்றொன்று. நற்செய்தியாளராக உரிமம் அளிப்பது மூன்றாவது. 1930-ல் மூப்பர் பணி மட்டும் ஏற்கப்பட்டது. வாக்களித்த அனைவரும் ஆண்களே. பெண்களுக்கு ஆயர் பணி திறக்கப்பட மேலும் 26 ஆண்டுகள் ஆயின. 1956-ல் மார்கரெட் டவுனர் அத்திருச்சபையின் முதல் பெண் ஆயராக அருட்பொழிவு பெற்றார். தென்பகுதித் திருச்சபை 1964-ல் அவ்வழி வந்தது.

இவ்வரலாற்றில் கடினமான வினாவொன்றும் அடங்கியுள்ளது. 1970-களின் நடுப்பகுதியில் வால்ட்டர் கென்யன் என்னும் இளைஞர் பிட்ஸ்பர்க் பிரஸ்பிட்டரியில் அருட்பொழிவு கோரினார். பெண்களுக்கு அருட்பொழிவு செய்வதில் தாம் பங்குகொள்ள இயலாது என்றும், பிறர் செய்வதைத் தடுக்கமாட்டார் என்றும் அவர் நேர்மையாக அறிவித்தார். திருச்சபையின் உயர் நீதி ஆணையம் அவருக்கு அருட்பொழிவு அளிக்கலாகாது எனத் தீர்த்தது. பெண்களின் உரிமையை நிலைநாட்டியோர் அதனை வெற்றியாகக் கண்டனர். மனச்சாட்சிக்கு ஆண்டவர் தேவன் ஒருவரே எனக் கற்ற திருச்சபை ஒரு மனிதனின் மனச்சாட்சியை நெருக்கியது என்று வேறு சிலர் வருந்தினர். உள்ளே வந்தவரின் மாண்பும், மாறுபடுகிறவரின் மனச்சாட்சியும் ஒரே அவையில் எவ்வாறு காக்கப்படும்? இவ்வினா அடுத்து வந்த பெரும் விவாதத்திலும் மறையாமல் நின்றது.

5. 1974 முதல் 2015 வரை

1974-ல் லூயிவில் நகரில் கூடிய ஐக்கிய பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் பேரவையில், டேவிட் சிண்ட் என்னும் ஆயர் ஓர் அட்டையை உயர்த்திப் பிடித்து நின்றார். தம்மைப்போல் ஒருபாலீர்ப்புடையோர் வேறு யாரேனும் அங்கு உண்டோ என்பதே அதிலிருந்த வினா. அவர் எந்த முன்மொழிவையும் கொண்டுவரவில்லை. தாம் இருப்பதை அறிவித்தார். தீத்து அவைக்குள் வந்துவிட்டான் என்று இதனைச் சொல்லலாம்.

அடுத்த சில ஆண்டுகளில் பிரச்சினை வெளிப்படையாயிற்று. ஒருபாலீர்ப்புடையவர் எனத் தம்மை அறிவித்த ஒருவருக்கு அருட்பொழிவு அளிக்கலாமா என நியூயார்க் நகரப் பிரஸ்பிட்டரி வழிகாட்டுதல் கேட்டது. 1976-ஆம் ஆண்டுப் பேரவை 19 பேர் கொண்ட ஆய்வுக்குழுவை நியமித்தது. முடிவைப் பிரஸ்பிட்டரிகளிடம் விடலாம் என 14 பேரும், கூடாதென 5 பேரும் கருதினர். 1978-ல் சான் டியேகோவில் கூடிய பேரவை பெரும்பான்மையினரின் பரிந்துரையைத் தள்ளி, ஒருபாலுறவு வாழ்வு அருட்பொழிவுக்குரிய தகுதியோடு இசையாது என அறிவித்தது. அதே அறிக்கை, அம்மக்களின் குடியுரிமைகள் காக்கப்பட வேண்டும் என்றும் அவர்கள்மீது வெறுப்புக் கொள்வது தகாது என்றும் கூறியது. 1818-ஆம் ஆண்டின் இரட்டைக் குரலை இதிலும் கேட்கிறோம்: வெளியே உரிமை, உள்ளே தடை.

இந்தத் தடையை ஏற்க இயலாத சில சபைகள், மூப்பர் தேர்தலில் ஒருவரையும் விலக்கமாட்டோம் என அறிவித்தன. நியூயார்க்கின் வெஸ்ட் பார்க் சபை 1978-ல் இதனைத் தொடங்கியது. தேவ வார்த்தையிலிருந்து இன்னும் ஒளி வெளிப்படும் என்னும் பொருளில் இவ்வியக்கம் 'மேலும் ஒளி' என்ற பெயரைப் பெற்றது. 1992-ல் ராச்செஸ்டர் நகரச் சபையொன்று ஜேன் ஸ்பார் என்னும் பெண் ஆயரை அழைத்ததைத் திருச்சபையின் உயர் நீதி ஆணையம் தடுத்தது. அச்சபையோ அவரைக் கைவிடாமல், நாடெங்கும் சென்று சாட்சி கூறும் நற்செய்தியாளராக அனுப்பியது.

மறுதரப்பினரும் பேரவையின் வழிகளை முறையாகவே பயன்படுத்தினர். 1996-ல் ஆல்புகர்க் பேரவை புதிய விதியொன்றை முன்மொழிந்தது. ஆணும் பெண்ணும் இணைந்த திருமணத்தில் உண்மையும், திருமணமின்றி வாழ்வோர் கற்பும் காத்தல் அருட்பொழிவுக்குரிய நிபந்தனை என்பது அதன் சாரம். 1997-ல் பெரும்பான்மைப் பிரஸ்பிட்டரிகள் ஏற்கவே அது ஒழுங்கு நூலில் இடம்பெற்றது. அதனை மாற்ற எடுத்த முயற்சி 1998-ல் தோற்றது, 2002-ல் தோற்றது, 2009-லும் தோற்றது. 2010-ல் மினியாபொலிஸ் பேரவை 373-க்கு 323 என்னும் வாக்குகளால் மாற்றத்தை முன்மொழிந்தது. 2011 மே 10 அன்று, 173 பிரஸ்பிட்டரிகளில் 87-ஆவது பிரஸ்பிட்டரி இசைவளித்ததும் பழைய விதி நீங்கியது. ஒருவரின் தகுதியை அவரை ஆராயும் மன்றமே தீர்மானிக்கும் நிலை உண்டாயிற்று.

திருமணம் பற்றிய விவாதம் இதனைத் தொடர்ந்தது. 2014-ல் டெட்ராய்ட் பேரவை 429-க்கு 175 என்னும் வாக்குகளால் திருமண விளக்கத்தை மாற்ற முன்மொழிந்தது. இருவருக்கிடையிலான உடன்பாடு என்றும், மரபுப்படி ஆணும் பெண்ணும் என்றும் புதிய வாசகம் அமைந்தது. 2015 மார்ச்சில் 86-ஆவது பிரஸ்பிட்டரி இதனை ஏற்றது. மனச்சாட்சிக்கு மாறாகத் திருமணம் நடத்த எந்த ஆயரையும், ஆலயத்தை அளிக்க எந்தச் சபை மன்றத்தையும் வற்புறுத்தலாகாது என்பதும் உடன் சேர்க்கப்பட்டது. கென்யன் வழக்கின் நினைவு அவ்வாசகத்தின்மீது நிழலிட்டிருந்தது என்று கருத இடமுண்டு.

6. வாதாடிய முறைகள்

37 ஆண்டுகள் நீடித்த இப்போராட்டத்தில் எண்ணிக்கை மாறுவதற்கு எது துணைசெய்தது? அமெரிக்கச் சமுதாயத்தின் எண்ணம் மாறியதும் ஒரு காரணமே. அதை மட்டும் கூறி விட்டுவிட்டால், பேரவைக்குள் நிகழ்ந்தவற்றைக் காணத் தவறுவோம். மூன்று செய்திகள் குறிப்பிடத்தக்கன.

முதலாவது, இல்லாதவர்களைக் காணச்செய்தல். 1995-ல் கான்சஸ் சிட்டிப் பகுதியைச் சேர்ந்த பெண் ஆயர் ஒருவர் தம் ஆயர் பட்டத்தைத் துறக்க நேர்ந்தபோது, தம்மைப்போன்ற நிலையிலுள்ளோரின் ஸ்டோல்களை அனுப்புமாறு வேண்டினார். ஆயர்கள் வழிபாட்டில் தோளில் அணியும் அந்த ஸ்டோல்கள் 80 வந்துசேர்ந்தன. பின்னர் ஆயிரத்திற்கு மேல் பெருகின. அவை திருச்சபைக் கூட்டங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பணியை இழந்தோரும், தம்மை வெளிப்படுத்த அஞ்சியோரும், அழைப்பைப் பெற்றும் வாய்ப்பைப் பெறாதோரும் அத்துணிகளின் வழியே அவைக்கு வந்தனர். உரை நிகழ்த்த இயலாதார்க்கு அது சாட்சியாயிற்று.

இரண்டாவது, ஒன்றாய் அமர்தல். 2001-ல் திருச்சபையின் சமாதானம், ஒற்றுமை, தூய்மை ஆகியவற்றை ஆராய 20 பேர் கொண்ட பணிக்குழு அமைக்கப்பட்டது. இரு தரப்பினரும் அதில் இருந்தனர். 1990-ல் ஆயர் பணியைத் துறக்க நேர்ந்தவரும் ஒருபாலீர்ப்புடையவருமான ஸ்காட் ஆண்டர்சனும் அங்கத்தினராய் இருந்தார். அவர்கள் பல ஆண்டுகள் கூடி வேதம் வாசித்து, வழிபட்டு, விவாதித்தனர். அருட்பொழிவைப் பற்றிய கருத்தில் அனைவரும் ஒன்றுபடவில்லை. ஆயினும் ஒருவரோடொருவர் திருச்சபையில் நிலைத்திருக்கும் வழியைப்பற்றி ஒருமனதாகப் பரிந்துரைத்தனர். 2006-ல் பர்மிங்ஹாம் பேரவை அதனை ஏற்றது. அக்குழுவில் மரபு நிலையினராகச் சேர்ந்த இறையியல் அறிஞர் மார்க் ஆக்டமையர் பிற்காலத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆண்டர்சன் 2011 அக்டோபரில் மேடிசன் நகரில் மீண்டும் அருட்பொழிவு பெற்றார். தன்னைப்பற்றிப் பேசும் குழுவில் ஒருவன் வாக்குடன் அமர்ந்தால் விவாதத்தின் தன்மையே மாறிவிடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மூன்றாவது, அவை எழுந்து செல்லுதல். 2018-ல் செயின்ட் லூயிஸ் பேரவையில், பிணைப்பணம் கட்ட இயலாமல் சிறையில் கிடக்கும் ஏழைகளுக்காகக் காணிக்கை எடுக்கப்பட்டது. பேரவையினர் நகரத் தெருக்களில் ஊர்வலமாக நடந்து, 47,000 டாலருக்கு மேற்பட்ட அத்தொகையைக் கொண்டுசென்றனர். சிறையிலிருப்போர் அவைக்கு வர இயலாதாகையால், அவை அவர்களை நோக்கி நடந்தது. ஆணையங்களும் அறிக்கைகளும் செய்ய இயலாத ஒன்றை அந்நடை செய்தது.

இவற்றோடு விசுவாச அறிக்கையின் இடமும் எண்ணத்தக்கது. தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்த மிஷன் திருச்சபை இனவொதுக்கலுக்கு எதிராக 1982-ல் வரைந்து 1986-ல் ஏற்ற பெல்ஹார் அறிக்கையைத் தன் அறிக்கை நூலில் சேர்க்க அமெரிக்கத் திருச்சபை முயன்றது. முதல் முயற்சி மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் 2011-ல் தோற்றது. இரண்டாம் முயற்சி 2016-ல் போர்ட்லண்ட் பேரவையில் நிறைவேறியது. ஒடுக்கப்பட்டோர் எழுதிய அறிக்கையை, ஒருகாலத்தில் அடிமைகளை வைத்திருந்தோரின் திருச்சபை தன் விசுவாச மொழியாக ஏற்றது. தீத்துவுக்கு இருக்கை அளித்ததோடு அமையாமல், தீத்துவின் வாயிலிருந்து கற்றுக்கொள்வதே இதன் பொருள்.

7. பிரிவின் விலை

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் கூறுவது உண்மைக்கு ஒவ்வாது. 2011-க்குப்பின் பல சபைகள் விலகின. 2012-ல் விலகியோருக்காகப் புதிய திருச்சபை அமைப்பொன்று தோன்றியது. மெக்சிகோவின் தேசிய பிரஸ்பிட்டேரியன் திருச்சபை 139 ஆண்டு உறவை 2011 ஆகஸ்டில் முறித்துக்கொண்டது. 1983-ல் சுமார் 31 இலட்சமாக இருந்த அங்கத்தினர் தொகை 2023-ன் இறுதியில் சுமார் 11 இலட்சமாயிற்று. இச்சரிவு முழுவதையும் ஒரு விவாதத்தின்மேல் சுமத்துவது தவறு. அது 1960-களிலேயே தொடங்கிவிட்டது. எனினும் பிரிந்தோரின் கண்ணீரும் கண்ணீரே. வேதத்திற்குக் கீழ்ப்படிகிறோம் என்னும் உறுதியோடு வெளியேறியவர்களைப் பிற்போக்காளர் என ஒரு சொல்லில் தள்ளிவிடுவது ஆயருக்குத் தகாது.

ஒழுங்கு நூலின் அடிப்படைப் பகுதியிலுள்ள ஒரு வாசகம் இச்சிக்கலைத் தன்னுள் தாங்கி நிற்கிறது. திருமுழுக்கால் தேவன் மக்களை ஒன்றாக்குகிறார் என்றும், இனம், வயது, பால், உடற்குறை முதலியன காரணமாக எவரையும் வேறுபடுத்தலாகாது என்றும் அது கூறுகிறது. அப்பட்டியலில் இறையியல் நம்பிக்கையும் ஒன்று. 2024-ல் சால்ட் லேக் சிட்டி பேரவை பாலின அடையாளம், பாலீர்ப்பு ஆகியவற்றை அதில் சேர்க்க முன்மொழிந்தது. 2025-ல் பெரும்பான்மைப் பிரஸ்பிட்டரிகள் இசைந்தன. ஆகவே உட்சேர்க்கப்பட்டவரையும், அவரை உட்சேர்ப்பதில் ஐயமுற்றவரையும் ஒரே வாசகம் காக்கிறது. இருவரும் ஒரே பந்தியில் அமர இயலுமா என்பதை எந்த வாசகமும் தீர்த்துவைக்க இயலாது. எருசலேமில் இசைவு ஏற்பட்டபின்பும் பவுலும் பர்னபாவும் வேறொரு காரணத்தால் பிரிந்தனர் என்பதை அதே 15-ஆம் அதிகாரம் மறைக்காமல் எழுதுகிறது.

8. பந்தியில் நிறைவேறும் தீர்மானம்

தென்னிந்தியாவில் நாமும் இம்மரபுக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். ஸ்காட்லாந்து அருட்பணியும் ஆற்காடு அருட்பணியும் நட்ட பிரஸ்பிட்டேரியன் ஒழுங்கு, 1908-ல் தென்னிந்திய ஐக்கிய திருச்சபையின் வழியாகவும் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையின் வழியாகவும் நம்மிடம் வந்துள்ளது. ஆயரும் பொதுநிலையினரும் கூடித் தீர்மானிக்கும் அவைகள் நமக்கும் உண்டு. ஆகையால் அமெரிக்கப் பேரவை அடைந்த முடிவுகளை ஏற்பவரும் ஏற்காதவரும், அது கற்ற பாடத்தைத் தள்ளிவிட இயலாது. எவரைக் குறித்துத் தீர்மானம் எழுதுகிறோமோ, அவரை முதலில் அழைத்து அமரச் செய்தோமா? அவர் பேசியபோது எருசலேம் கூட்டத்தாரைப்போல அமைதியாகச் செவிகொடுத்தோமா? வழக்கைப்பற்றிய அறிவு நம்மிடம் இருக்கலாம். அவ்வழக்கைச் சுமந்து வாழ்கின்ற அறிவு அவரிடமே உள்ளது.

இறுதியாக, கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் தீத்துவோடு முடிவதில்லை. எருசலேமின் இசைவுக்குப்பின் அந்தியோகியாவுக்கு வந்த பேதுரு, முதலில் புறவினத்தாரோடு உண்டார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பர்னபாவும் இழுபட்டார். அவையில் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் பந்தியில் விலக்கப்பட்டார்கள். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தது அதனாலேயே. பேரவையின் வாக்கு ஒரு நாளில் எண்ணப்பட்டு முடிகிறது. அது மெய்யாயிற்றா என்பதை ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு சபையிலும், அப்பமும் இரசமும் பகிரப்படும் மேசையே தீர்மானிக்கிறது. அம்மேசையண்டை நின்று பணிபுரியும் ஆயரும், நாளை அங்கே நிற்கப்போகும் மாணவரும், தீத்து எங்கே அமர்ந்திருக்கிறான் என்று பார்க்கக் கடமைப்பட்டுள்ளனர்.